வழியில் எத்தனை கிணறு?

சென்ற மாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு நீலத் தொட்டி வந்தது. ஓடி விளையாடி உடம்பு கொதித்து விழுகிறவர்களை ஐஸ் தண்ணீரில் இறக்குவதற்கான தொட்டி. அதைத் திறந்து வைக்க ஒரு விழா எடுத்தார்கள். வெயிலால் வரும் ஆபத்தைத் தடுக்கும் அந்த விழாவை நடுப்பகலில், கூரையில்லாத முற்றத்தில் வைத்தார்கள். தொட்டியில் தண்ணீர் இல்லை. நிரப்பினால் றிபன் நனைந்துவிடுமாம். மூன்றாவது பேச்சில் ஒரு தாதிப் பிள்ளை சரிந்தாள். நான்காவது பேச்சில் பேசிக்கொண்டிருந்தவரே மேசையைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சன்காரன் என்ற மரியாதையில் எனக்கு முன்வரிசையில் ஒரு கதிரை தந்தார்கள். அது இரும்புக் கதிரை. விழா முடியும்வரை நான் நின்றுகொண்டேயிருந்தேன்.

அன்று சரிந்த பிள்ளைதான் பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும்போல அவளுக்கும் நான் 'நானா', அண்ணன். "நானா, இந்தத் தொட்டி இல்லாத காலத்துல நீங்க என்ன செஞ்சீங்க? மலருக்கு எழுதித் தாங்களே" என்றாள். ஆஸ்பத்திரியின் ஆண்டு மலரைச் சொல்கிறாள். அதில் எழுதுகிறவர்கள் எல்லோரும் தியாகம், அர்ப்பணிப்பு என்று எழுதுவார்கள். என்னிடம் இருப்பது ஒரு மீன் பெட்டி, இடுப்பில் கட்டும் நாலு சாரம், சில கழுதைகள். இருப்பதைத்தானே எழுத முடியும்?

மன்னாரிலிருந்து தொண்ணூறில் விரட்டப்பட்டு, ஒரு பையோடு புத்தளத்துக்கு வந்தவன் நான். முகாமில் மருந்துப் பெட்டி தூக்கி, பிறகு கற்பிட்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சிற்றூழியனாகச் சேர்ந்து, கட்டுப் போடவும் நாடி பிடிக்கவும் பழகிக்கொண்டேன். அந்தக் கதை அவ்வளவுதான்.

போர் முடிந்ததும் எங்கள் கரைக்கு விளையாட்டு விழாக் காய்ச்சல் பிடித்தது. ஊருக்கு ஒரு கழகம், கழகத்துக்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மரதன் ஓட்டம். முதலுதவிக் கொட்டகையில் நாள் முழுக்க இருக்க வேறு யாரும் விரும்பாததால் அந்த வேலை எனக்கு நிரந்தரமானது. என் பெட்டியில் குளுக்கோஸ், பஞ்சு, காய மருந்து, ஒரு கத்தரிக்கோல். கத்தரிக்கோல் பெரும்பாலும் றிபன் வெட்ட இரவல் போய்விடும்.

விழுந்தவன் கையில் சாவிக்கொத்து, வாயில் குளுக்கோஸ் தூள், நெற்றியில் தைலம். அதுதான் அப்போதைய வைத்தியம். சுற்றி நிற்கிறவர்கள் காற்றை முழுவதும் அடைத்துக்கொண்டு "காத்து வர விடுங்கடா" என்று கத்துவார்கள். பெரும்பாலும் விழுந்தவன் எழும்பிவிடுவான். தலவில தேவாலயத் திருவிழாவுக்குப் போனாலும் அப்படித்தான். வெயிலில் நின்று மயங்குகிறவர்களை நிழலில் கிடத்திக் காலை உயர்த்தி வைத்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து செருப்பைத் தேடுவார்கள். நல்ல பெயர் குளுக்கோஸுக்குப் போய்விடும். சூடேறிய உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சன்னி வரும் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் பிழையாகத் தெரிந்திருந்தது.

ஒரு வருடம் ஒரு இளைஞன் ஓடி வந்து விழுந்தான். உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது. ஆனால் நடுங்கினான். நடுங்குகிறவனைப் போர்த்துவதுதானே நியாயம்? பக்கத்து வீட்டிலிருந்து கம்பளிப் போர்வை வந்தது. நானே சுற்றினேன், கால் வெளியே தெரியாமல். முச்சக்கர வண்டியில் என் மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வாசலில் இறக்கியபோது அவன் மூச்சு நின்று மௌத்தாகியிருந்தான். அவன் பெயரை எழுதவில்லை. அவனுடைய உம்மா இதை வாசிக்கக்கூடும்.

அப்போது எங்களுக்குப் புதிதாக வந்திருந்தவர் ரணவீர டொக்டர். குருநாகல் பக்கத்துச் சிங்களவர். ஆறடி உயரம், பெரிய மீசை. தமிழை மட்டும் மருந்துக்கு வரும் உம்மாமாரிடம் கற்றிருந்தார். அதனால் அந்த மீசைக்குள்ளிருந்து "என்ட அல்லாவே" என்றும், மகனே என்பதற்கு "மனே" என்றும் வரும். யாரையும் ஏசமாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் வேலையைத் தேடிக்கொண்டு ஓடுவோம்.

மௌத்தான அந்தப் பிள்ளையை அடக்கம் செய்து இரண்டு நாளைக்குப் பிறகு டொக்டர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மனே, அந்தப் புள்ளைய ஏத்தின எடத்திலருந்து இங்க வாற வழியில எத்தன கிணறு இரிக்கி?"

எனக்கு விளங்கவில்லை. தெரியாது சேர் என்றேன். "எண்ணிட்டு வா" என்றார். சைக்கிளில் போய் எண்ணினேன். எங்கள் பக்கம் மணல் பூமி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு, கிணற்றுக்குக் கிணறு மோட்டர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் பாய்கிறது. திரும்பி வந்து சொன்னேன்: "நாப்பத்து மூணு, சேர்."

"ஒன்டு போதும் மனே" என்றார்.

பிறகுதான் விளக்கினார். வெயிலில் நின்று மயங்குவது வேறு, ஓடி ஓடி உடம்புக்குள்ளேயே நெருப்பு மூண்டு புத்தி தடுமாறுவது வேறு. இரண்டாவது வந்தால் மூளையும் ஈரலும் அவிந்துகொண்டிருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நேரம்தான் ஆளைக் கொல்கிறது. விழுந்த இடத்திலேயே முதலில் குளிராக்கு, பிறகு ஏற்று. நான் அந்தப் பிள்ளையைப் போர்வையில் சுற்றி, நாற்பத்து மூன்று கிணறுகளைத் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறேன். அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த வாரமே பயிற்சி தொடங்கியது. தொட்டி இல்லை. பள்ளிவாசலில் கந்தூரிக்குச் சோறாக்கும் பெரிய கிடாரத்தை டொக்டர் இரவல் வாங்கினார். நோயாளி நான். வெளிநோயாளர் வரிசைக்கு முன்னால் கிடாரத்தை வைத்து, தண்ணீர் நிரப்பி, ஐஸ் போட்டு, என்னை ஏறச் சொன்னார். அடியில் நெருப்பில்லை என்பதை இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். "கழுத்து மட்டும் வெளிய. தலைய ஒராள் புடிக்கணும். தண்ணிய கலக்கிட்டே இரிக்கணும்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். வரிசையில் நின்ற ஒரு ராத்தா, "டொக்டர், இத என்ட ஊட்டுக்காரருக்கும் எழுதித் தாங்களே, அவருக்குக் கோவம் கூட" என்றார்.

விழுந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. உன்ட பேர் என்ன? இன்டைக்கு என்ன நாள்? நீ எங்க இரிக்கிறாய்? ஒன்றுக்குப் பிழையான பதில் வந்தாலும் யோசிக்காமல் ஐஸ் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும். புத்தி தெளியாதவன் வாயில் குளுக்கோஸோ தண்ணீரோ ஊற்றக் கூடாது. அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் ஓடி வந்தவன் விஷயத்தில் பொய் சொல்லும். உள்ளே இருக்கும் சூட்டை உள்ளேதான் பார்க்க வேண்டும். அதற்காக நீண்ட வயர் வைத்த ஒரு வெப்பமானியை எங்கிருந்தோ எடுத்து வந்தார். அது எந்த வழியாக உள்ளே போகும் என்பதை விளக்கியபோது நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

"சேர், முழு ஊரும் பாத்துட்டிரிக்குமே" என்றேன்.

அதற்கும் வழி வைத்திருந்தார். நாலு பேர், நாலு சாரம், நாலு பக்கமும் மறைப்பு. பிடிக்கிறவர்கள் வெளிப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். இதையும் பழகினோம். இதிலும் நோயாளி நான்தான். அதைப் பற்றி மலரில் இதற்குமேல் எழுத முடியாது.

வருமுன் காக்கவும் டொக்டர் பாடுபட்டார். எங்கள் ஊர்க் கழகத்தின் செயலாளர் ஜிஃப்ரி மாஸ்டருக்குக் கடிதம் எழுதினார்: காலை ஆறு மணிக்கு ஓட்டத்தைத் தொடங்குங்கள், வழியில் தண்ணீர் வையுங்கள், ஓடுகிறவர்கள் இரண்டு கிழமை வெயிலில் பழகட்டும், காய்ச்சல்காரனை ஓடவிடாதீர்கள். கடிதத்தோடு மாஸ்டர் நேரில் வந்தார். விளையாட்டு வாத்தியார், நல்ல மனிதர், கழுத்தில் எப்போதும் விசில்.

"சேர் சொல்றது முழுக்கச் சரி. ஆனா மரதன் முடியிற நேரம் பிரதம அதிதி றிபன் பக்கத்துல நிக்கணும். அது எங்கட வழக்கம். காலங்காத்தால அவர் எப்பிடி வருவார்?"

அதிதியின் தூக்கத்துக்காக ஓட்டம் பதினொரு மணிக்கு என்றானது. தண்ணீர் வைக்க மட்டும் சம்மதித்தார். கண்டக்குழிப் பக்கம் போய்த் திரும்பும் பாதையில் நாலு பீப்பாய் வைத்தோம். விழாவன்று காலையில் பார்த்தால் நாலைச் சுற்றியும் கழுதைகள். ஊர்க் கழுதை எல்லாம் செய்தி கேட்டு வந்திருந்தன. விரட்டினேன். நான் போகும்வரை ஒதுங்கி நின்று மறுபடி வந்தன.

இனி றியாஸ். ஹமீது முதலாளியின் கரையோர வாடிக் கொட்டகையில் மீன் அடுக்குகிறவன். ஊருக்கே கோமாளி. வினோத உடைப் போட்டியில் வருடா வருடம் முதலாமிடம். ஒரு வருடம் ஜிஃப்ரி மாஸ்டராகவே விசிலோடு வந்து மாஸ்டரிடமே பரிசு வாங்கினான். முதலாளியின் மகளை அவனுக்குக் கேட்டிருந்தார்கள். முதலாளி சொன்ன பதில் ஊர் முழுக்கத் தெரியும்: "சிரிப்புக் காட்டாம ஒரு வேலைய முடிச்சிக் காட்டச் சொல்லுங்க. பொறகு கதைப்பம்." அதற்காகத்தான் அந்த வருடம் அவன் வினோத உடையை விட்டுவிட்டு மரதனுக்குப் பெயர் கொடுத்தான்.

ஓட்டத்துக்கு முன் ஒவ்வொருவரையும் கேட்டேன். றியாஸிடமும் கேட்டேன்: "காய்ச்சல் கீச்சல் ஏதும் இரிக்கா?" முந்திய நாள் முழுக்க அவன் காய்ச்சலில் கிடந்தது எனக்குத் தெரியாது. "நல்லம் நானா" என்று குரங்கு மாதிரி முகத்தைச் சுளித்தான். நான் சிரித்துக்கொண்டே அவன் பெயருக்கு நேரே சரி போட்டேன். அந்தச் சரி இன்றைக்கும் என் கையில் உறுத்துகிறது.

அதிதி பாலாவி தாண்டிவிட்டார் என்று தொலைபேசி வந்ததும் ஓட்டத்துக்கு விசில் அடித்தார்கள். அவர் தாண்டவில்லை. வழியில் யாரோ பிடித்து ஒரு மதகைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். முன்னால் ஓடியவர்கள் மைதானத்துக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். றிபன் பக்கத்தில் அதிதி இல்லை. ஜிஃப்ரி மாஸ்டர் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து போய் அவர்களை மறித்தார்.

"இன்னும் அவர் வரல்ல! திரும்பிப் போய் அந்த வேப்பமரத்தத் தொட்டுட்டு வாங்க!"

புத்தியுள்ளவர்கள் போய் வேப்பமரத்தைத் தொட்டு, அதன் நிழலிலேயே கழுதைகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். றியாஸ் மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தான்.

அவன் மைதானத்துக்குள் நுழையவும் அதிதி காரிலிருந்து இறங்கவும் சரியாக இருந்தது. மேளம், மாலை, கைதட்டல். றியாஸ் றிபனைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டிக் கோணல்மாணலாக ஓடிக் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று ஸலாம் சொன்னான். கம்பம் பதில் சொல்லவில்லை. "ஸலாம் சொன்னா பதில் சொல்லத் தெரியாதா?" என்று அதை ஏசினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜிஃப்ரி மாஸ்டர் ஒலிபெருக்கியில், "எங்கட றியாஸ்ட பகிடியப் பாருங்க!" என்றார். முன்வரிசையில் இருந்த ஹமீது முதலாளி எழுந்து, தோள் சால்வையை உதறிவிட்டு, மைதானத்து ஓரத்தில் நின்ற தன் மீன் லொறிப் பக்கம் நடந்தார்.

நானும் சிரித்தேன். அதை மறைக்கப் போவதில்லை. பிறகு ஒன்று கண்ணில் பட்டது. றியாஸ் பகிடி விடும்போது யார் சிரிக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். அன்று அவன் யாரையும் பார்க்கவில்லை.

ஓடிப் போய்ப் பிடித்தேன். கை சுட்டது.

"உன்ட பேர் என்ன?"

"றியாஸ்."

"இன்டைக்கு என்ன நாள்?"

"பெருநாள்."

"நீ எங்க இரிக்கிறாய்?"

"மன்னார்ல."

அவன் பிறந்ததே புத்தளத்தில். மன்னாரைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பானே தவிர, கண்ணால் கண்டதில்லை. அடுத்த நிமிடம் என் கையிலேயே துவண்டு விழுந்தான்.

"கிடாரத்தக் கொண்டு வாங்க!" என்று கத்தினேன். இப்படி ஒன்று நடந்தால் ஆளை இறக்குவதற்கென்றே அன்றும் பள்ளிவாசல் கிடாரத்தை இரவல் எடுத்து வைத்திருந்தோம். ஜிஃப்ரி மாஸ்டரின் முகம் வெளுத்தது.

"கிடாரத்துல அதிதிக்குப் புரியாணி வேகுது நானா. இன்னும் தம் ஒடக்கல்ல."

அந்த நேரத்தில் அவரை அடிக்க எனக்கு நேரமிருக்கவில்லை. றியாஸை நாலு பேர் தூக்கினார்கள். கண்ணில் பட்டது மீன் லொறி. கொழும்புக்குப் போகத் தயாராக, ஐஸும் மீனும் நிறைந்த, ஆள் நீட்டிப் படுக்கக்கூடிய ஃபைபர் பெட்டிகள். முதலாளி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, ஒரு பெட்டி வேணும்."

"என்னத்துக்கு?"

"உங்கட மருமகன வைக்க" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் முகம் சிவந்தது. "அவன்ட கோமாளித்தனத்துக்கு என்ட பெட்டியா?" என்று திரும்பியவர், தூக்கி வந்தவர்கள் கையில் தொங்கிய தலையைப் பார்த்தார். அவன் கழுத்தில் கையை வைத்தார். உடனே எடுத்தார். முதல் பெட்டியை இறக்கி, உள்ளேயிருந்த அறுக்குளா மீன்களைத் தன் கையாலேயே மணலில் கொட்டினார்.

சப்பாத்தையும் உடுப்பையும் கழற்றினோம். பழகிய நாலு பேரும் சாரத்தைப் பிடித்தார்கள். ஒருவன் உள்ளே திரும்பித் திரும்பிப் பார்த்ததால் அந்தப் பக்கத்தை முதலாளியே வாங்கிப் பிடித்தார். வருங்கால மாமனாருக்கு இப்படி ஒரு கடமை எங்கேயும் வந்திருக்காது. மானியை வைத்தேன். நாற்பத்தொன்று தசம் எட்டு. சாரத்துக்கு அப்பால் யாரோ வயரைக் கண்டுவிட்டு, "கறண்டு குடுக்கிறாங்களா?" என்றான்.

பெட்டியில் இறக்கி, சுற்றிவர ஐஸை அள்ளிப் போட்டேன். முதலாளி சாரத்தை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு என் கையைத் தட்டிவிட்டார்.

"மீன் அடுக்கத் தெரியாதா உனக்கு? வெறும் ஐஸ் பட்ட எடத்துலதான் குளிரும், நடுவுல சூடு நிக்கும். தண்ணிய ஊத்து! ஐஸ் மிதக்கணும்!"

பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து வாளி வாளியாக வந்தது. அறுக்குளாவைக் கெடாமல் கொழும்புவரை சேர்க்கிற வித்தை முழுவதையும் அவர் றியாஸ் மேல் காட்டினார். முழங்கைவரை தண்ணீரில் விட்டுக் கலக்கிக்கொண்டேயிருந்தார். நான் தலையைப் பிடித்திருந்தேன்.

அப்போது றியாஸின் உம்மா வந்தார். கையில் போர்வை. "என்ட புள்ள நடுங்கிறானே! சன்னி வந்துரும்! கொல்லாதீங்கடா!" என்று பெட்டியின் மேல் விழுந்தார். அந்தப் போர்வையைக் கண்டதும் அன்று நான் போர்த்திய பிள்ளையின் பாரம் என் மடியில் ஏறியது. "ராத்தா, போத்தினா மௌத்தாப் போயிருவான். நான் ஒருக்கா போத்திப் பாத்திரிக்கன்" என்றேன். அவருக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்தது. போர்வையை மார்போடு கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அம்புலன்ஸ் வந்தது. சாரதி கதவைத் திறந்து, "ஏத்துங்க, ஏத்துங்க" என்றான். ஏற்றமாட்டேன் என்றேன்.

"ஆள் போனா பொறுப்பு நீயா?"

"ஓம். நான்தான்."

சொல்லிவிட்டேன். அவன் அந்த மீன் பெட்டிக்குள் மௌத்தானால் என்னை இந்த ஊர் விடாது. அதைவிட, என்னை நானே விடமாட்டேன்.

இதற்கிடையில் மேடையில் பிரதம அதிதி பேசத் தொடங்கியிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சனம் எல்லாம் லொறியைச் சுற்றி நின்றது. அவர் முன்னால் வெறும் கதிரைகள். ஆனாலும் எழுதி வந்ததை விடாமல் வாசித்தார். நோயற்ற வாழ்வு, உடற்பயிற்சியின் நன்மை, காலம் தவறாமை. நான் மானியைப் பார்த்தேன். காலம் தவறாமையில் நாற்பத்தொன்று. இளைஞர்களின் கடமையில் நாற்பது தசம் மூன்று. முதலாளியின் உதடு ஓதிக்கொண்டேயிருந்தது. அவர் கை நீலமாகிவிட்டது. எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. பதினெட்டாம் நிமிடம் அதிதி நன்றி சொன்னார். மானி முப்பத்தொன்பது காட்டியது. அதற்குக் கீழே விடாதே என்பது டொக்டரின் கட்டளை.

தூக்கும் முன் அவன் கண் திறந்தது. குனிந்து கேட்டேன். பெயர் சொன்னான். நாள் என்ன என்றேன். "மரதன் நாள், ஞாயித்துக் கெழம" என்றான்.

"நீ எங்க இரிக்கிறாய்?"

அவன் மேலே பார்த்தான். சாரம், முதலாளியின் முகம், ஐஸ் கட்டி, காதோரம் ஒட்டியிருந்த மீன் செதில். கொஞ்சம் யோசித்தான்.

"மாமாட மீன் பெட்டிக்குள்ள."

சாரத்துக்கு அப்பால் நின்றவர்கள், "இன்னும் தெளியல்ல, பாவம், பெனாத்துறான்" என்று புலம்பினார்கள். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் நீலக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"சரியாத்தான் சொல்றான்" என்றார்.

மூன்றாம் மாதம் கல்யாணம். சாப்பாட்டில் அறுக்குளாவும் இருந்தது. எந்தப் பெட்டியில் வந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மரதன் கிண்ணம், வேப்பமரத்தடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தவனுக்குப் போனது. றியாஸுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வினோத உடையில் இன்னும் அவன்தான் முதலாமிடம். முன்வரிசையிலிருந்து பெரிதாகக் கைதட்டுகிறவர் முதலாளி.

அன்றைக்கு அம்புலன்ஸில் நானும் போனேன். டொக்டர் வாசலில் நின்றார். றியாஸைச் சோதித்து, ஊசி ஏற்றி, இரத்தம் எடுத்து அனுப்பி, அவன் தன் உம்மாவோடு கதைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை; கையிலேயே வைத்திருந்தார்.

"எத்தன கிணறு மனே?"

"ஒன்டயும் தாண்டல்ல, சேர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப போய்க் குளி மனே. மீன் நாறுது."

நான் போகவில்லை. அங்கே கிடந்த கதிரையில் உட்கார்ந்து, முதல் பிள்ளைக்காகவும் சேர்த்து அழுதேன்.